பதினாலுக்குப் பதினாலு

அவளுக்குக் கடுகு என்று முதலில் பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. கல்லூரி வாலிபால் அணி வரிசையாக நிற்கும்போது மற்றவர்களின் தோளுக்குத்தான் வருவாள். ஆனால் பந்து அவள் கைக்குப் போனால் எதிர்ப்பக்கத்துக்காரிகள் இரண்டடி பின்னால் போவார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு கல்யாணம் ஆனது, பெரிய மருத்துவமனையில் துணி அறைப் பொறுப்பு கிடைத்தது, மகன் பிறந்தான், வளர்ந்தான், வேறு ஊருக்குப் போனான், வேலையிலிருந்து ஓய்வும் வந்தது. கூடப் படித்தவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். இன்றைக்கு அவளைக் கடுகு என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்திதான் மிச்சம். அந்த ஒருத்தியும் அவள் அணிக்காரி இல்லை, எதிரணிக்காரி.

கதை தொடங்கிய இடம் ஒரு மண் தரை. மகளிர் கல்லூரிகளுக்கு இடையே வாலிபால் சாம்பியன்ஷிப் என்று முதன்முதலாக ஒன்று நடந்தது கடுகு படித்த கல்லூரியின் மைதானத்தில்தான். இன்று அதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. அன்று வந்தது மொத்தம் நான்கே அணிகள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் விடுதிச் சமையல்காரர்கள், மீதிப் பேர் வகுப்புக்கு மட்டம் போட்டவர்கள். கோடு சுண்ணாம்பில் போட்டார்கள், கொஞ்சம் வளைந்துதான் இருந்தது. வலை பக்கத்து ஆண்கள் கல்லூரியில் இரவல் வாங்கியது. அதில் ஒரு பெரிய கிழிசல் இருந்ததால் பந்து மேலே போனதா, உள்ளே புகுந்ததா என்று நடுவருக்கே சந்தேகம் வரும். முதல் பரிசு ஒரு சின்னக் கோப்பை, கைக்கு அடக்கமாக, இரண்டு காதுகளோடு.

இறுதிப் போட்டிக்கு வந்த எதிரணியின் தலைவியைப் பார்த்ததும் கடுகின் தோழிகள் அண்ணாந்து நின்றார்கள். அவ்வளவு உயரம். "இவளுக்கு ஏணியே வேணாம்டி, இவளே ஏணி" என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து அவள் ஏணி. தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டு அவள் அடிக்கிற சர்வீஸ், வலைக்கு ஒரு விரல் மேலே ஆடிக்கொண்டே வந்து, கையில் விழும் நேரத்தில் நழுவும். கடுகின் அணி கீழே விழுந்து, புரண்டு, முட்டியில் தோல் போய் ஆடியது. ஆளுக்கு இரண்டு செட் ஆயின. கடைசி செட் பதினாலுக்குப் பதினாலு.

அந்தக் காலத்துச் சட்டம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயிண்ட். சர்வீஸ் போட்டவர் தவறு செய்தால் எதிரிக்குப் பாயிண்ட் வராது, சர்வீஸ் மட்டும் கை மாறும். ஜெயிக்க இரண்டு பாயிண்ட் முன்னால் போக வேண்டும். ஆகவே பதினாலுக்குப் பதினாலில் ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். அன்றும் நின்றது. சர்வீஸ் அங்கே போகும், இங்கே வரும், எண் மட்டும் நகராது. கடைசியில், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி, மழை வந்தது. சும்மா தூறல் இல்லை, சுண்ணாம்புக் கோட்டையே அடித்துக்கொண்டு போன மழை. மறுநாள் மைதானம் குளமாகிவிட்டது. அடுத்த வாரம் பரீட்சை. இரண்டு கல்லூரி முதல்வர்களும் கூடிப் பேசி ஒரு தீர்ப்புச் சொன்னார்கள்: கோப்பை ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. கொண்டுபோய்க் கொடுப்பது அணித் தலைவிகளான கடுகு, ஏணி இருவரின் பொறுப்பு.

அடுத்த ஆண்டு யாரோ புண்ணியவான் இடுப்பளவு உயரத்தில் புதுக் கோப்பை ஒன்று வாங்கிக் கொடுத்தார். சின்னக் கோப்பையைக் கல்லூரிகள் மறந்தே போயின. இவர்கள் இரண்டு பேரும் மறக்கவில்லை. தீர்ப்பு தீர்ப்புதானே? ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருத்தி பேருந்து ஏறி மற்றவள் வீட்டுக்குக் கோப்பையைக் கொண்டுபோனாள்.

முதல் இரண்டு மூன்று முறை வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். எதிரி வீட்டில் தண்ணீர் குடிக்கலாமா என்ற வீறாப்பு. பிறகு ஒரு முறை கடுகு வெயிலில் வாடிப்போய் வந்து நிற்க, ஏணியின் அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார். அதிலிருந்து அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கொண்டுவருகிறவள் கோப்பையைப் பளபளவென்று துலக்கித் தர வேண்டும். வாங்குகிறவள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ஒரு குறையாவது சொல்ல வேண்டும். பிறகு தேநீர். தேநீர் ஆறுவதற்குள் சண்டை.

"மழை வந்தப்ப சர்வீஸ் எங்க பக்கம்தான் இருந்துச்சு" என்பாள் ஏணி.

"கனவு கண்டியா? பந்து என் கையில இருந்துச்சு. ஈரப் பந்து. சட்டையில துடைச்சுக்கிட்டு நின்னேன்."

"பொறுக்கிக் குடுக்கத்தான் உன் கையில வெச்சிருந்த."

இருவருக்குமே பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று யாராவது சொல்லும் வரை முயலுக்கு நாலாவது கால் முளைக்காது.

வருஷங்கள் ஓடின. கடுகு துணி அறையில் காலம் தள்ளினாள். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத நீள அறை அது. சலவையிலிருந்து சூடாக வரும் விரிப்புகளை மடித்து, வார்டு வாரியாக அடுக்கி, கிழிந்ததைத் தனியே ஒதுக்குவாள். உயரத் தட்டுக்கு எட்டாமல் முக்காலி போட்டு ஏறும்போதெல்லாம், "அந்த ஏணி இங்க வேலைக்கு வந்திருக்கலாம்" என்று முணுமுணுப்பாள். ஏணியோ கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றை ஆரம்பித்தாள். ஒரு குட்டிக் காரில் முழங்கால் முட்ட உட்கார்ந்துகொண்டு, "பிரேக்கு! பிரேக்குன்னா மிதிக்கணும், வேடிக்கை பாக்கக் கூடாது!" என்று அவள் போடுகிற சத்தத்தில் தெருவில் போகிறவர்களும் நின்றுவிடுவார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பக்கத்து சீட்ல உக்காந்து நான் பாக்காத ஆம்பளையா?" என்பாள்.

கோப்பையும் அவர்களோடு சேர்ந்து வாழ்ந்தது. ஏணி வீட்டில் அதில் கார்ச் சாவிகள் கிடக்கும். கடுகு வீட்டில் மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில்தான் பால் குடிப்பேன் என்று அடம் பிடித்தான். ஒருநாள் அவன் தூக்கி எறிந்ததில் ஒரு காது உடைந்தது. கடுகு அழாத குறை. அவள் கணவர் ரேடியோ பழுது பார்ப்பவர், வாய் பேசாத மனுஷன், ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்து காதைப் பற்றவைத்துக் கொடுத்தார். ஒட்டு கொஞ்சம் கோணல். அடுத்த முறை ஏணி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்காரருக்கு வலையைச் சரியாக் கட்டவும் வராது போல" என்று குறை சொன்னாள். அவர் ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த மனுஷன் ஒரு காலையில் சட்டென்று போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் வந்து, பேசி, போனார்கள். எல்லாரும் போன பிறகு வாசலில் ஏணி நின்றாள், கையில் துணிப் பையோடு. பையிலிருந்து கோப்பையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இன்னும் முறை வரலையே" என்றாள் கடுகு.

"வரலைன்னா என்ன? அவர் ஒட்டின காது. உன்கிட்ட இருக்கட்டும்."

அன்று இருவரும் சர்வீஸைப் பற்றிப் பேசவில்லை. ஏணி இரண்டு நாள் தங்கி, பாத்திரம் கழுவி, வந்த ஆட்களுக்குத் தேநீர் போட்டு, கதவு நிலையில் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டு, பிறகு கிளம்பினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கடுகின் பழைய கல்லூரியில் புதிதாக வந்த விளையாட்டு ஆசிரியை. குரலில் தேன் ஒழுகியது. அந்த மண் மைதானம் இருந்த இடத்தில் பெரிய உள்ளரங்கம் கட்டியிருக்கிறார்களாம். இந்த ஆண்டு இறுதிப் போட்டி அங்கேதானாம். அதற்கு முன்னால், மழையில் நின்ற முதல் இறுதிப் போட்டியை முடித்துவைக்கப் போகிறார்களாம்.

"ஆட்டத்தை எங்க பொண்ணுங்க பாத்துப்பாங்க மேடம். சர்வீஸ் கை மாறும்போது ஆளுங்க இடம் மாறுறதெல்லாம் கிடையாது. சர்வீஸ் மட்டும் நீங்களும் அந்த மேடமும். யார் ஜெயிக்கிறாங்களோ அந்தக் காலேஜ்ல கோப்பையைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு, விளக்குப் போட்டு..."

கடுகுக்கு அடிமடியில் கை வைத்த மாதிரி இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் கோப்பையை யார் துலக்குவது? யார் குறை சொல்வது? எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு ஒருத்தி பேருந்து ஏறுவது? காரணமே இல்லாமலும் போகலாம்தான். ஆனால் காரணம் இல்லாத பயணங்கள் எப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். "அடுத்த மாசம் வரேன்" என்று மகன் சொல்லிச் சொல்லி எத்தனை மாசம் போயிருக்கிறது! அவள் பயந்தது அதற்குத்தான்.

ஏணியைக் கூப்பிட்டாள். அவள் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னால் போதும்.

"நல்லதாப் போச்சுடி" என்றாள் ஏணி. "ஒரு முடிவு தெரியட்டும். எத்தனை காலத்துக்கு உன் பொய்யைக் கேக்குறது?"

கடுகு போனை வைத்தாள். முடிவு தெரிய வேண்டுமாமே. அவ்வளவு அவசரமா இவளுக்கு? கோபமும் வந்தது, கோபத்தைவிட அதிகமாக அழுகையும் வந்தது.

போட்டியன்று, கோப்பையைக் கடைசித் தடவையாகத் துலக்குகிறோம் என்று நினைத்துத் துலக்கி, பழைய தலையணை உறையில் சுற்றி எடுத்துப்போனாள். அரங்கம் கண்ணைக் கூச வைத்தது. பளிங்கு மாதிரி மரத் தரை, கிழிசல் இல்லாத வலை, எண் ஓடும் பெரிய திரை. அந்தத் திரையில் பதினாலு, பதினாலு என்று ஏற்கெனவே போட்டுவைத்திருந்தார்கள். ஏணி முன்னமே வந்து, கண்ணாடியைக் கயிற்றால் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சர்வீஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் வலைக்கு ஒரு விரல் மேலே, அதே ஆட்டம், அதே நழுவல். இன்றைய பிள்ளைகள் வாயைப் பிளந்து கைதட்டினார்கள். போச்சு, இவள் இன்றைக்கு முடித்துவிடுவாள் என்று நினைத்தாள் கடுகு.

நடுவர் ஒரு வாலிபன். ஏணி அவனிடம் விரலை நீட்டினாள்.

"தம்பி, அன்னிக்கு எந்தச் சட்டமோ அதுதான் இன்னிக்கும். சர்வீஸ் போடுறவங்களுக்குத்தான் பாயிண்ட். தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன் மேடம்."

"கேள்விப்பட்டா போதாது. மாத்திப் போட்டேன்னு வை, நடக்குறதே வேற."

அவன் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப சர்வீஸ் யாரோடது?" என்று கேட்டான்.

ஆயுள் முழுக்கச் சண்டை போட்ட கேள்வி. ஏணி வாயைத் திறப்பதற்குள் கடுகு முந்திக்கொண்டாள். எல்லாம் முடியத்தான் போகிறதென்றால், இவள் மனசு நிறைந்தாவது முடியட்டுமே.

"அவங்களோடதுதான்" என்றாள்.

ஏணி திரும்பிப் பார்த்தாள். "என்னடி சொல்ற?"

"உன்னோடதுதான். போடு."

ஏணி கோட்டுக்குப் பின்னால் போனாள். பந்தை இரண்டு முறை தட்டினாள். தூக்கிப் போட்டு அடித்தாள். பந்து நேராக வந்து வலையின் வயிற்றில் மோதிப் பொத்தென்று விழுந்தது.

"அய்யோ" என்றது கூட்டம். நடுவர் கையை இந்தப் பக்கம் காட்டினான். சர்வீஸ் கடுகுக்கு. திரையில் பதினாலு, பதினாலு.

கடுகு பந்தை வாங்கிக்கொண்டு எதிரே பார்த்தாள். ஏணி கூரையில் ஏதோ விளக்கை எண்ணுகிறவள் மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூஞ்சியைக் கடுகுக்குத் தெரியாதா? சர்வீஸ் எங்களோடது என்று புளுகும்போதெல்லாம் போடுகிற மூஞ்சி அல்லவா அது! சற்று முன் மூன்று பந்தை விரல் இடைவெளியில் தாண்ட வைத்தவள், இதை வலையிலா விடுவாள்? பழைய சட்டம் வேண்டும் என்று இவள் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. கடுகுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கு எரிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கணத்தில் அவளுக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். இதோ சர்வீஸ் கையில். இரண்டே பாயிண்ட். முட்டியில் இன்னும் இருக்கும் தழும்பு சாட்சியாக ஜெயித்துவிடலாம். பந்தைச் சட்டையில் துடைத்தாள், ஈரமே இல்லாத பந்தை. பிறகு நன்றாக இழுத்து, வலையின் நடுவில் அடித்தாள்.

"பரவால்ல ஆன்ட்டி, கொஞ்சம் மேல தூக்கி அடிங்க" என்று பின்னாலிருந்து ஒரு பெண் ஆறுதல் சொன்னாள்.

"முயற்சி பண்றேன்மா" என்றாள் கடுகு பவ்யமாக.

ஏணி போட்டாள், வலை. கடுகு போட்டாள், வலை. ஏணி ஒரு மாற்றத்துக்குப் பந்தைப் பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருந்த மேஜைக்கு அனுப்பினாள். கடுகு கோட்டை மிதித்துக்கொண்டு போட்டாள். சர்வீஸ் அங்கே போனது, இங்கே வந்தது. திரையில் எண் அசையவில்லை. நடுவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பாவம், வயசாகிவிட்டது என்று கூட்டம் உச்சுக்கொட்டியது. இந்த ஆண்டின் இறுதிப் போட்டிக்கு நேரம் நெருங்கிவிட்டதால், கடைசியில் விளையாட்டு ஆசிரியை ஒலிபெருக்கியை எடுத்து, மறுபடியும் சமன் என்று அறிவித்தாள். கைதட்டல் என்னவோ பலமாகத்தான் இருந்தது.

"அப்ப கோப்பையை..." என்று ஆசிரியை தயங்கினாள்.

"முடிவு தெரியாத கோப்பையை எந்தக் காலேஜ் பெட்டியிலம்மா வைப்ப?" என்று ஏணி கேட்டாள். "பழைய தீர்ப்பு அப்படியே இருக்கு. ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க. இப்ப என் முறை. எடுடி."

கடுகு தலையணை உறையைப் பிரித்துக் கோப்பையைக் கொடுத்தாள். ஏணி அதை அரங்கத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காதுக்கு அடியில சரியாத் துலக்கல" என்றாள்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஏணிதான் ஆரம்பித்தாள்.

"சர்வீஸ் எங்களோடதுன்னு எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டல்ல?"

"அது இன்னிக்கு" என்றாள் கடுகு. "அன்னிக்கு எங்களோடதுதான்."