முதுகைக் காட்டிய டீச்சர்

எங்கள் தெருவில் என் நாத்தனாருக்கு 'அகராதி' என்று பேர். வாய்த்துடுக்குக்காக வைத்தது, பிழைப்புக்கும் பொருந்திவிட்டது. வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு, கடல் கடந்து இருக்கும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாக ஸ்பெல்லிங் போட்டிக்குப் பயிற்சி கொடுக்கிறாள். மேடையில் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்வார்கள். பிள்ளை அதை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். தப்பினால் மணி அடித்து இறக்கிவிடுவார்கள்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். அவள் வகுப்பு நடத்தும் அறையில்தான் என் தையல் மிஷினும் இருக்கிறது. விடியற்காலையில் வகுப்பு, அந்த ஊரில் அப்போது சாயங்காலமாம். மிஷின் சத்தம் ஆகாது என்பதால் அந்த நேரத்துக்குக் கொக்கி தைக்கிற கைவேலையாக ஒதுக்கி வைத்துக்கொள்வேன்.

அவளிடம் படித்ததிலேயே கெட்டிக்காரி ஒரு சின்னப் பெண். வகுப்பில் எதைக் கேட்டாலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் போன வருஷம் மேடையில் முதல் சுற்றிலேயே, சுலபமான வார்த்தைக்கு மணி அடித்துவிட்டது. "இந்தத் தடவையும் இப்படின்னா வேற டீச்சரைப் பாத்துக்கிறோம்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மற்ற பெற்றோர்களும் இவள் என்ன ஆகிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் தோற்றால் நாத்தனார் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

போட்டி நெருங்கியபோது, ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கேட்டேன்.

"ஏம்மா, அந்தக் கடைசி வார்த்தையில பொண்ணு தடுமாறிட்டா போலயே?"

"உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

"எனக்கென்ன இங்கிலீஷா தெரியும்? உன் மூஞ்சி சொல்லுது. எழுத்து சரியா வந்தா உன் தாடை லேசா இறங்குது. தப்புன்னா அப்படியே நிக்குது."

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்ப அவளும் இதைப் பாத்துதான் சொல்றாளா?"

மறுநாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, காமிராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பாதி வார்த்தைகள் தப்பாக வந்தன. "திரும்புங்க டீச்சர்" என்று அந்தப் பெண் அழுதாள். அவள் அப்பா திரைக்குள் தலையை நீட்டினார்.

"ஏங்க, முதுகைப் பாக்கவா கிளாஸ் வெச்சிருக்கோம்?"

"மேடையில கேக்கிறவர் கல்லு மாதிரி உக்காந்திருப்பார் சார். அதுக்கு நான் பழக்கல. தப்பு என்னோடது. போட்டி வரைக்கும் இப்படித்தான்."

என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து, "தப்பு என்னோடதுன்னு இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருப்பாளா?" என்றார்.

"நீ சும்மா இருண்ணே."

இப்போது அவள் முகம் என் பக்கம் இருந்தது. முதலில் அந்தத் தாடை அசையவே இல்லை. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக இறங்கியது. போகப் போக, நான் ஒரு கொக்கி தைத்து முடிப்பதற்குள் பலமுறை இறங்கியது. அழுகைச் சத்தமும் நின்றது.

போட்டியன்று மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். கடைசியில் மேடையில் இரண்டே பிள்ளைகள். அதில் மற்றப் பிள்ளைக்கும் மணி அடித்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தையைச் சரியாகச் சொன்னால் இவள் ஜெயித்த மாதிரி.

ரயில் வண்டி நீளத்துக்கு ஒரு வார்த்தை வந்தது. கேட்டவர் முகத்தை அவள் ஒருதரம் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் நின்றாள். நாத்தனார் என் கையை இறுக்கிப் பிடித்தாள். கடவுளே, தெரியாததை அவளுக்குக் கொடு என்று கேட்கவில்லை, தெரிந்ததை மறக்கடிக்காதே என்று வேண்டினேன்.

அவள் மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். மணி அடிக்கவில்லை. அரங்கமே எழுந்து கைதட்டியது. அவள் கையில் பெரிய கோப்பையைக் கொடுத்தார்கள்; தூக்க முடியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடவுளுக்கு நன்றி சொல்லி நான் நிமிர்ந்தபோது, நாத்தனார் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த அப்பா கூப்பிட்டார்.

"டீச்சர், என் தங்கச்சி பொண்ணு உங்ககிட்டதான் படிப்பேன்னு நிக்கிறா. கூட அவ சிநேகிதிங்க ரெண்டு பேர்."

"சேத்துக்கலாம் சார்."

போனை வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணி, உங்க மிஷினைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா? இனிமே எல்லாருக்கும் நாற்காலியைத் திருப்பித்தான் போடணும், இடம் பத்தாது போலிருக்கு."