மண் தின்னாத நூல்

காலை 6.10. நாமக்கல்லில் பஸ் ஏறினேன். பையில் இருந்தவை: நான்கு குழிகளின் வரைபடம், சிறு மண்கொத்தி, தூரிகை, அளவு நாடா, ஜிப் கவர் எட்டு. மூன்று மாதங்களுக்கு முன் கொல்லிமலை ஆலத்தூர் நாடு ஊராட்சியில் ஒரு மரவள்ளிக் காட்டோரம் நான்கு பருத்திச் சட்டைகளைப் புதைத்திருந்தேன். இன்று தோண்ட வேண்டும்.

நான் வேலை பார்க்கும் திருப்பூர் நிறுவனம் பாலியஸ்டரை விட்டுப் பருத்திக்கு மாறுகிறது. புதுச் சட்டைகளில் தொங்கவிட அட்டைகூட அச்சாகிவிட்டது: ‘முழுதும் மண்ணுக்கே திரும்பும் சட்டை.’ பத்து நாளில் விற்பனை. அதற்கு ஆதாரம் என் நான்கு குழிகள்.

7.05. சேந்தமங்கலத்தில் ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மலையில் நான்கு வருடமாக வேலை. காரவள்ளி தாண்டி வளைவுகள் தொடங்கியும் நான் நோட்டை மூடவில்லை.

“எழுதாதீங்க. உங்களுக்குத் தலை சுத்துனா கஷ்டம் எனக்குத்தான்.”

மூடிவிட்டேன். எழுபது வளைவுகள். ஒவ்வொரு எண் பலகையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ் நகர்வதாகவே தெரியவில்லை.

9.20. செம்மேடு. டீ 12 ரூபாய், பாதியில் வைத்துவிட்டேன். ஆட்டோ 200 ரூபாய்.

10.05. காட்டுக்காரர் பெரியசாமி மிளகுக் கொடிக்குப் போயிருந்தார். அவர் மனைவி பாப்பாத்தி அக்கா குழிகளைக் காட்டினார். அடையாளக் குச்சிகள் நட்டபடியே இருந்தன. முதல் குழியை அரை அடி தோண்டினேன், முக்கால் அடி தோண்டினேன். ஒன்றுமே இல்லை. ஒரு இழைகூட இல்லை. நோட்டில் எழுதினேன்: ‘குழி 1. மிச்சம் ஏதுமில்லை.’ அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

இரண்டாம் குழியில் தூரிகை எதிலோ சிக்கியது. மெதுவாக மண்ணைத் தள்ளினேன். துணி இல்லை. ஆனால் சட்டை இருந்தது. கழுத்துப்பட்டி, தோள், பக்கவாட்டு, கைமடிப்பு என்று தைத்த இடமெல்லாம் வெள்ளை நூல் கோடாகக் கிடந்தது. தேங்காய் ஓட்டுப் பொத்தான்கள் அதில் தொங்கின. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே.

பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் வேகமான மெஷினில் அறுந்துகொண்டே இருந்ததால், அதற்குப் பதில் இந்த நூலுக்குக் கையெழுத்துப் போட்டது நான். அட்டைக்காரர்கள் துணியைப் பற்றித்தான் கேட்டார்கள். நானும் துணியைப் பற்றி மட்டும் சொன்னேன்.

அப்படியானால் முதல் குழி?

11.15. பெரியசாமி அண்ணன் வந்தார். முதல் குழி அவர் உடம்பில் இருந்தது. தோளில் மிளகுக் கொடிக் கறை.

“புதுச் சட்டைய மண்ணுல உட மனசு கேக்கலீங்க. நீங்க போன மறுநாளே எடுத்துட்டேன்.”

“மேடம் குடுத்ததுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாருங்க,” என்றார் அக்கா. “எனக்கொண்ணு எடுக்கத் தோணல பாருங்க.”

நோட்டில் முதல் குழி பற்றிய வரியை அடித்தேன். அக்கா நூலை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார். அறுபடவில்லை.

“இது எப்பங்க மக்கும்?”

“மக்காதுக்கா.”

“அப்ப ஒண்ணு உடாம பொறுக்கிருங்க கண்ணு. கோழி மேயற எடம்.”

மூவரும் குனிந்து பொறுக்கினோம். சிறு துண்டுகள் மண் அப்பி மண் நிறத்திலேயே இருந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் முடிந்தது என்ற பிறகும் அக்கா மண்ணைக் கிளறிக் கிளறி இன்னும் நாலைந்து எடுத்துக் கொடுத்தார். திருப்பூரில் எங்கள் தெருவில் நடந்தால் செருப்பில் நூல் ஒட்டும். யாரும் குனிந்து நான் பார்த்ததில்லை.

2.40. செம்மேட்டில் சிக்னல் கிடைத்ததும் குழியில் எடுத்த நூல் கோடுகளின் படத்தை முதலாளிக்கு அனுப்பினேன். கீழே எழுதியவை இரண்டு: அட்டையை நிறுத்துங்கள். நூலைத் தேர்ந்தெடுத்தது நான்.

இறங்கும்போது நாற்பத்தோராம் வளைவில் போன் வந்தது.

“துணி மக்குச்சா இல்லையாம்மா?”

“மக்கிருச்சு சார்.”

“அப்புறம் என்ன?”

“சட்டை மக்கல சார்.”

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். பஸ் திரும்பியது, சிக்னல் போய்விட்டது. மீதி நாற்பது வளைவுகளும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். காரவள்ளியில் போனில் சிக்னல் கோடுகள் திரும்பி வந்ததும் நானே அழைத்தேன்.