மாப்பிள்ளை மடியில் எண்ணெய்க் குப்பி

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு பதினொரு ஊர்களில் வேலை பார்த்திருக்கிறேன். ரைஸ் மில், லாரி, பம்பு செட்டு, மீன்பிடி லாஞ்சு. எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. அதிராம்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தபோது என்னிடம் ஒரு சட்டையும் ஆறு ஸ்பேனர்களும் இருந்தன. ஒரு தேங்காய் மண்டியின் கொப்பரைக் கொட்டகையில் படுத்துக்கொள்ள இடம் கிடைத்தது. எலிகள் அதிகம். ஆனால் அவற்றுக்குக் கொப்பரை இருந்ததால் என்னைக் கடிக்கவில்லை.

மண்டி முதலாளி இருபது வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவர். வரும்போது ஒரு ஜப்பான் காரைக் கப்பலில் ஏற்றி வந்திருந்தார். அந்தக் காரின் எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. உள்ளே சமோசா வடிவத்தில் ஓர் இரும்பு சுற்றும், அவ்வளவுதான். அதை ரோட்டரி எஞ்சின் என்றார்கள். ஓடும்போது தையல் மெஷின்போலச் சத்தமில்லாமல் இருக்கும். ஆனால் வாராவாரம் எஞ்சின் ஆயில் குறைந்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. முதலாளி இரண்டு மெக்கானிக்குகளை ஆயில் திருடினார்கள் என்று விரட்டிவிட்டார். மூன்றாவது ஆள் நான்.

காரோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. எனக்குப் படம்தான் புரியும், அது போதுமானதாக இருந்தது. எஞ்சினின் முன்பக்கத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பம்பு ஒன்று. அது அடித்தொட்டியிலிருந்து ஆயிலை உறிஞ்சி, அந்தச் சமோசாவின் முனைகள் தேயாமலிருக்கச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடும். அந்த ஆயில் பெட்ரோலோடு எரிந்துவிடும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதிகமாகக் குடிக்கும்.

முதலாளியிடம் சொன்னேன். பானட்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்ப இத்தனை நாளா திருடுனது ஜப்பான்காரனா?"

"திருட்டு இல்லைங்க மொதலாளி. அதுக்குச் சாப்பாடே அதான். ஆனா நாம அழுக்கு ஆயிலைக் குடுக்குறோம். அது எரிஞ்சு உள்ளே கரியாப் பிடிக்குது. தனியா சுத்தமான ஆயில் குடுத்தா ரொம்ப நாள் உழைக்கும்."

பட்டுக்கோட்டை லேத் பட்டறையில் விரல் தடிமனுக்கு ஓர் அலுமினியத் தகடு கடைந்து வாங்கினேன். அதைப் பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைத்து, அடித்தொட்டி ஆயில் வரும் துவாரத்தை அடைத்து, பக்கத்தில் புதிதாக ஒரு வாய் வைத்தேன். அந்த வாய்க்குத் தனி ஆயில் வர வேண்டும். எதிலிருந்து? எனக்குத் தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் காலியான குளுக்கோஸ் குப்பியைக் குழாயோடு கொடுத்தார். சொட்டு விழுவது கண்ணுக்குத் தெரியும் என்பதால் அதைக் காருக்கு உள்ளேயே, முன்சீட்டு ஜன்னலுக்கு மேலே கொக்கியில் தொங்கவிட்டு, குழாயை எஞ்சினுக்கு இழுத்தேன். மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றினேன். கார் பிரமாதமாக ஓடியது.

அந்தத் தை மாதம் முதலாளி மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை கூத்தாநல்லூர். பெண் வீட்டார்தான் கார் அனுப்பி மாப்பிள்ளையை அழைத்து வர வேண்டும். முதலாளியின் மனைவிக்கு ஒரு தம்பி; அவரும் முதலாளியும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிடுவார்கள், நான் மச்சான் என்பது அவரைத்தான். அவர் தேங்காய் எண்ணெய் வியாபாரி, அவரிடமும் ஒரு பழைய கார் இருந்தது.

"மச்சான், என் வண்டி போவட்டும். ஒங்க வண்டி நடுவழியில படுத்துச்சுன்னா மாப்ளையை எறங்கித் தள்ளச் சொல்லுவீங்களா?"

"எம் மவளுக்கு வர்ற மாப்ள எங் கார்லதான் வருவாரு. மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னாடி வாசல்ல நிக்கும், பாரு."

ஊரார் முன்னால் சொன்ன வார்த்தை. கார் நின்றுவிட்டால் நிக்காஹ் தள்ளிப்போகும், முதலாளி தலை நிமிர முடியாது. அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எம் பொண்ணு வாழ்க்கை ஒங் கையிலயும் அந்த எஞ்சின்லயும் இருக்கு" என்றார்.

நிக்காஹுக்கு முதல் நாள் மாலை சீர் தட்டுகளோடு கூத்தாநல்லூர் போனோம். வழியெல்லாம் முதலாளி வேகம் காட்டியதில் குப்பி ஏறக்குறையக் காலி. டிக்கியில் வைத்திருந்த ஆயில் டின்னைத் தேடினேன். அல்வாத் தட்டுக்கு இடம் வேண்டுமென்று புறப்படும்போதே மச்சான் அதை இறக்கி வைத்துவிட்டிருந்தார். கூத்தாநல்லூரில் கடையடைப்பு. மறுநாள் விடிந்தும் ஒரு கடை திறக்கவில்லை.

ஊற்ற ஏதாவது வேண்டும். மாப்பிள்ளை வீட்டு அடுப்படியில் ஒரு தூக்கு நிறையத் தேங்காய் எண்ணெய் இருந்தது. வழுக்க வேண்டும், எரிய வேண்டும். தேங்காய் எண்ணெய் இரண்டையும் செய்யும். சூடுகாட்டி உருக்கிக் குப்பியில் ஊற்றினேன். பேசாமல் பெட்ரோல் டாங்கிலேயே கொஞ்சம் கலந்துவிட்டிருந்தால் போதும் என்று பல வருஷம் கழித்து ஒரு டிரைவர் சொன்னான். அப்போது அது தோன்றவில்லை.

முதலாளி ஓட்ட, மாப்பிள்ளை முன்சீட்டில், நான் பின்னால் சொட்டை எண்ணிக்கொண்டு. பனி இறங்கிய காலை. கார் நன்றாகவே ஓடியது. புகையில் மட்டும் வடை சுடும் வாசனை அடித்தது.

திருத்துறைப்பூண்டிக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு மாட்டு வண்டி. அது அறுவடைக் கூலித் தகராறு நடந்த நேரம். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை விடியற்காலையில் கொண்டுவந்து கதிர் அறுக்க வைக்கிறார்கள் என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் எல்லா வண்டியையும் நிறுத்திப் பார்த்தார்கள். ஓரத்தில் கஞ்சித் தொட்டி. பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்தது.

கொடி பிடித்த இளைஞர் ஒருவர் குனிந்து பார்த்தார். மாப்பிள்ளை தலைக்கு மேலே குப்பி, குழாய், சொட்டு.

"அய்யய்யோ, ஆஸ்பத்திரி கேஸா? என்னங்க உடம்புக்கு?"

முதலாளி என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்.

"சீரியஸுங்க" என்றேன்.

"வண்டிய இழு! வழிய விடு!"

முதலாளி கிளப்பினார். பின்னால் புகை. அகப்பையோடு நின்ற ஓர் அம்மாள் மூக்கைச் சுளித்தார்.

"ஏய், நில்லு! சாவக் கெடக்கறவன் வண்டியில வடை வாசனை எங்கேருந்து வருது?"

டிக்கியைத் திறந்தார்கள். ஐந்து பெரிய பித்தளைத் தட்டுகள், ஓரத்தில் அல்வா ஒட்டியபடி.

"பாத்தியா! வெளியூர் ஆளுங்களுக்குத் தின்னக் குடுத்துட்டு வெறுந்தட்டோட திரும்புறானுங்க."

சாவி அவர்கள் கைக்குப் போயிற்று. ஒரு மணி நேரம் நின்றோம். கடைசியில் மாப்பிள்ளையே இறங்கி நின்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் கல்யாண மாப்ள."

"இந்தாளு சீரியஸுன்னானே?"

"நிக்காஹ் நின்னு போச்சுன்னா அதுதாங்க ஆவும்."

நான் பானட்டைத் திறந்து குழாய் போய்ச் சேரும் இடத்தைக் காட்டினேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். குப்பியைப் பார்த்தார். மறுபடி எஞ்சினைப் பார்த்தார்.

"அடி ஆத்தே, காருக்குக் குளுக்கோஸு ஏத்துறானுங்கடி!"

வயல்வரை சிரிப்புக் கேட்டது. சாவி திரும்பி வந்தது. ஆனால் குப்பியில் சொட்டு விழவில்லை. பனியில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. இப்படியே ஓட்டினால் பத்து மைலில் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முதலாளி வெயிலைத் தேடி வானத்தைப் பார்த்தார். அது இன்னும் வரவே இல்லை.

"அம்மா, கொஞ்சம் கொதிகஞ்சி குடுங்க. இதை உருக்கணும்" என்றேன்.

அவர் அகப்பையைத் தூக்கியபடி முதலாளியைப் பார்த்தார். "நீங்க மிராசுதாருங்களா?"

"இல்லம்மா. தேங்கா யாவாரம். தோப்பு இருக்கு."

"தேங்கா பறிக்கிறவன் மட்டும் காத்தையா குடிச்சிக்கிட்டு இருக்கான்?"

முதலாளி குப்பியைக் கொக்கியிலிருந்து கழற்றி நீட்டினார். அந்த அம்மாள் என் துண்டைக் கஞ்சியில் முக்கிக் குப்பியையும் குழாயையும் சுற்றினார். மாப்பிள்ளைக்கு இரண்டு மொந்தை கஞ்சியும் கொடுத்தார். பசியில் அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. சொட்டு விழுந்தது. மறுபடி உறையாமலிருக்க மாப்பிள்ளை சூடான குப்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். வழி நெடுக, கைப்பிள்ளையைப் போல. சொட்டு நிற்கும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஊர்ந்து வந்தோம்.

லுஹருக்குக் கால் மணி இருக்கும்போது தெருவில் நுழைந்தோம். வாசனை முன்னாலேயே போய்விட்டது. "பந்தி போட்டாச்சா?" என்று ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். முதலாளி காரை நிறுத்தி, மீசையைத் தடவிக்கொண்டு இறங்கினார். அப்போது மச்சான் முன்சீட்டை எட்டிப் பார்த்தார்.

"யா அல்லாஹ்! மாப்ளைக்குக் குளுக்கோஸ் ஏறுது!"

அந்த வார்த்தை எங்களைவிட வேகமாக உள்ளே போனது. பெண்கள் பக்கமிருந்து அழுகை. பெண்ணின் தாயார் சொல்லி அனுப்பினார்: நோயாளிக்குப் பெண் கொடுக்க முடியாது, டாக்டர் பார்த்தபிறகுதான் நிக்காஹ். மாப்பிள்ளை தனக்கு ஒன்றுமில்லை என்றார். சட்டையெல்லாம் கஞ்சிக் கறை, கையில் குப்பி, யார் நம்புவார்கள்? நான் காருக்குத்தான் என்றேன். என்னை ஆயில் திருடன் என்றே பாதித் தெரு நினைத்திருந்தது. முதலாளியும் அதையே சொன்னார், காரின் மானத்தைக் காக்கச் சொல்கிறார் என்றார்கள். கார் வந்துவிட்டது, கல்யாணம் நின்றுவிட்டது.

மச்சான் குப்பியைப் பிடுங்கி, குழாயை உருவி, ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"தேங்கா எண்ணெய்."

இன்னொரு சொட்டு. கண்ணை மூடிச் சுவைத்தார். முகம் கோணியது.

"காறல் அடிக்குது. நம்ம மண்டிச் சரக்கு இல்ல. புதுக் கொப்பரையே இல்ல இது."

உள்ளே பார்த்துக் கத்தினார்: "அக்கா! மாப்ள நல்லாத்தான் இருக்காரு. அவங்க வூட்டு எண்ணெய்தான் மோசம்!"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. அது மணப்பெண்ணுடையது என்று பிறகு சொன்னார்கள். லுஹர் தொழுகை முடிந்து நிக்காஹ் நடந்தது. பந்தியில், கஞ்சி நிறைந்த வயிற்றோடு மாப்பிள்ளை ஒரு கவளம்கூட இறங்காமல் திணறியதை வெட்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மச்சான் இறக்கி வைத்த ஆயில் டின் கொட்டகையில் அப்படியே இருந்தது. அன்று மாலையே குப்பியைக் கழுவி ஊற்றினேன். அந்த அம்மாள் கேட்டது முதலாளியைக் கொஞ்ச நாள் உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த பறிப்பில் கூலியை ஏற்றினார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஏற்றவில்லை, பறிக்கிற ஆட்களுக்குத் தோப்பிலேயே கஞ்சி காய்ச்சி ஊற்றச் சொன்னார். அவர்கள் கஞ்சியையும் குடித்தார்கள், கூடுதல் கூலியையும் கேட்டார்கள்.