ராக் கச்சேரிக்கு வந்த எவர்சில்வர்

கல்யாண மண்டப மேனேஜர் என்பவர், யாரோ இருவர் ஒன்று சேர்வதற்காக இரு வீட்டாரிடமும் திட்டு வாங்கும் மூன்றாம் மனிதர். இந்தத் தொழிலில் இருந்த சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருவொற்றியூரில் முந்நூறு நாற்காலி கொண்ட ஒரு சின்ன மண்டபத்தில் ஒன்பது வருடம் அந்த வேலை பார்த்தேன். செல்போனுக்கு வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த அந்தக் காலத்தில், ஒரே ஒரு சனிக்கிழமை நடந்தவை மட்டும் இங்கே.

ரகசியம்

முதலில் வந்தவர் கலைச்செல்வி டீச்சர். இரண்டு தெரு தள்ளியிருந்த மீனவர் குப்பத்தில் அந்தக் கோடையில் தீப்பிடித்து, முப்பது குடிசைகள் சாம்பலாகியிருந்தன. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. குப்பத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் டீச்சரின் பள்ளியில் படித்தார்கள். பாடப்புத்தகம் எப்படியும் வந்துவிடும், நோட்டு வராது. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வெறுங்கையோடு வர வெட்கப்பட்டுப் பெரிய பையன்கள் கடலுக்கும், பெண்கள் இறால் உரிக்கவும் போய்விட்டால், பிறகு திரும்பவே மாட்டார்கள் என்பது அவருடைய பயம்.

டீச்சரோடு கல்லூரியில் படித்த ரம்யா, ஒரு ராக் குழுவில் கீபோர்டு வாசிப்பவள். தென்சென்னைக் கல்லூரிகளில் அந்தக் குழுவுக்குப் பெயர் இருந்தது. (அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன், ஒன்பது தடவை முயன்றும் எனக்கு வாயில் நுழையவில்லை.) கச்சேரி இலவசம், டிக்கெட்டுக்குப் பதில் ஆளுக்கு ஒரு நோட்டு என்று ஏற்பாடு. ஆனால் அது திடீர்க் கச்சேரியாக இருக்க வேண்டுமாம். சனிக்கிழமை மதியம்தான் ரசிகர்களுக்குப் போன் போகுமாம். கூட்டம் கட்டுக்கடங்காது என்று உண்மையாகவே கவலைப்பட்டான் பாடகன் விவேக். தோளில் புரண்ட முடியை அள்ளிக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னான்: "அங்கிள், ப்ளீஸ், வாசல்ல பேரு கீரு எதுவும் போட்டுடாதீங்க. தெரிஞ்சா ஏரியாவே உள்ள வந்துடும்."

பலகை இல்லாத வாசல்

எங்கள் பக்கத்தில் மண்டப வாசல் பலகைக்குள்ள மரியாதை கல்வெட்டுக்கும் கிடையாது. தெர்மோகோலில் இரண்டு பெயர் வெட்டி ஒட்டாமல் சீரியல் விளக்கு மட்டும் போட்டால், அதற்கு ஒரே பொருள்தான்: பெற்றவர்கள் சம்மதிக்காத கல்யாணம். பெயர் தெரிந்தால் ஆள் வந்து கலாட்டா செய்வார்கள், ஆகவே மறைக்கிறார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் விவேக்கிடம் சொல்லாமல், பெயரில்லாத வாசலுக்கு விளக்கை மட்டும் போட்டேன். ராக் இசைக்கு எங்கள் தெரு என்ன உரை எழுதுகிறது என்று பார்க்கும் அற்ப ஆசைதான்.

மூன்று மணிக்கு வேனிலிருந்து பெட்டிகள் இறங்கின. காசிமேட்டில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பிய பாக்கியம், வாசலைப் பார்த்து நின்றாள். அந்தத் தெருவில் அவள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. "யார் கல்யாணம்?" என்று அவள் கேட்க, வாட்ச்மேன் முனுசாமி எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்: "ஒண்ணியும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க." பாக்கியத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. உள்ளே ஒயர் சுற்றிக்கொண்டிருந்த ரம்யாவை எட்டிப் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தாள்: "பாவம், பொண்ணு மூஞ்சில ஒரு பவுடரு கூட இல்ல. சாதி சனம் வரலேன்னா இன்னா, நாம இல்ல? அது அனாத மாரி நிக்கறத பாத்துகினு இருக்கறதா?"

ஒரே ஒரு நோட்டு

எங்கள் மேடையில் மணமக்களுக்கு இரண்டு சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் உண்டு. பழைய முதலாளி திருட்டுக்குப் பயந்து அவற்றைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். டிரம்ஸை அவற்றின் பின்னால்தான் வைக்க முடிந்தது. கீபோர்டுக்கு ஸ்டூல் கொண்டுவர மறந்திருந்ததால், ரம்யா ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியோடு டீச்சர் வாசலில் நின்றார். ஒரு ரசிகனும் இல்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போலச் சாலையை அடைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. அவற்றுக்குப் பின்னால் ராயபுரம் தாண்டமுடியாமல் ரசிகர்களும் அவர்களுடைய நோட்டுகளும் நின்றன. விவேக் செல்போனில் மன்றாடினான். பெட்டியில் இருந்தது ஒரே ஒரு நோட்டு. அதுவும் நான் போட்டது. டீச்சர் அதைக் கையில் எடுத்துக் கேட்டார்: "நாப்பது பிள்ளைங்க சார். இதை எப்படிப் பிரிக்கிறது?"

வரிசை

ஆறரை மணிக்குத் தெருவே உள்ளே வந்தது. பட்டுப்புடவை, மல்லிகை, ஒவ்வொரு கையிலும் வண்ணக் காகிதம் சுற்றிய பாத்திரம். நடந்தது புரியாத விவேக் பரவசத்தில் முதல் பாட்டை ஆரம்பித்தான். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கூட்டம் மரியாதையாகக் கேட்டது. சிலர் பந்தி எந்தப் பக்கம் என்று என்னிடம் சைகையில் விசாரித்தார்கள். நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாட்டின் நடுவில் பாக்கியம் எழுந்தாள். அவள் பின்னால் மொத்தக் கூட்டமும் எழுந்தது. ரிசப்ஷன் முறை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை: இடப்பக்கப் படியில் ஏறி, பரிசைக் கொடுத்து, போட்டோவுக்கு நின்று, வலப்பக்கப் படியில் இறங்குவது. ரம்யா இடது கையால் குடம் வாங்கிக்கொண்டே வலது கையால் வாசித்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருப்பது ஒரு பெரியவருக்குப் பொறுக்கவில்லை. பாடிக்கொண்டிருந்த விவேக்கைத் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தார். அவனும் உட்கார்ந்தபடியே தொண்டை கிழியப் பாடினான். போட்டோ எடுக்க ஆளே இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் மூன்று விநாடி எதிரே பார்த்து நின்றுவிட்டுத்தான் இறங்கினார்கள். பழைய இலக்கணம் மணம் எட்டு வகை என்கிறது. ஒன்பதாவதை அன்று கண்டேன். விவேக்கின் கன்னத்தைத் தடவி, மைக்கில் ஊரே கேட்க, பாக்கியம் ஆறுதல் சொன்னாள்: "அழுவாத நைனா. இஸ்துகினு வந்துட்ட, இனிமே கத்தி இன்னா ஆவப்போவுது? அவள நல்லா வெச்சிக்கோ."

திருப்பிக் கொடுத்தல்

பாட்டு நின்றது. விவேக் மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்து, "இது கல்யாணம் இல்லீங்க" என்றான்.  டீச்சர் மைக்கை வாங்கி, தீயையும் பிள்ளைகளையும் திங்கட்கிழமையையும் சொன்னார். ரம்யா பாத்திரங்களைத் திருப்பித் தருவதாகக் கெஞ்சினாள். கடையில் மாற்றி நோட்டாக வாங்கலாமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். அது பலிக்கவில்லை. எல்லாப் பாத்திரத்திலும் 'அன்பளிப்பு' என்று போட்டு, கொடுத்தவர் பெயரை மெஷினால் வெட்டியிருந்தார்கள். கடைக்காரர் எப்படி எடுத்துக்கொள்வார்?

பாக்கியம் இடுப்பில் கை வைத்து மேடையை நிமிர்ந்து பார்த்தாள். ரம்யா டீச்சருக்குப் பின்னால் ஒதுங்கினாள். நானும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். தீர்ப்பு வந்தது: "இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா கேடு உங்களுக்கு? குட்த்தத திருப்பி வாங்கற பயக்கம் எங்க வூட்ல கெடையாது. சட்டி பான எரிஞ்ச வூடுங்களுக்கு அத்த அனுப்பு. நோட்டு இன்னா நோட்டு டீச்சர், கோடு போட்டதா, போடாததா?"

நாலு கோடு

பட்டுப்புடவைகள் அப்படியே ஸ்டேஷனரி கடைக்கு நடந்தன. மண்டபத்தில் எஞ்சியவர்கள் குழுவும் முனுசாமியும் நானும். எங்கள் இருவருக்காக அவர்கள் இன்னும் மூன்று பாட்டு வாசித்தார்கள். எதுவும் விளங்கவில்லை என்றாலும் இருவரும் கை தட்டினோம். ரசிகர்களோ லாரிகளிடம் தோற்றுப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்களாம்.

பள்ளி திறக்கும் சமயமாதலால் கடையில் பெரிய நோட்டெல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ரகம்: சின்னப் பிள்ளைகள் ஆங்கில எழுத்துப் பழகும் நாலு கோடு நோட்டு. பாக்கியத்தின் படை அதைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்து டீச்சரின் பெட்டியை நிரப்பியது. திங்கட்கிழமை சாயங்காலம் டீச்சர் மண்டபத்துக்கே வந்தார். முகத்தைப் பார்த்து எதுவும் ஊகிக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "நாப்பது பேரும் வந்துட்டாங்க சார். பத்தாங்கிளாஸ் பையன் ஒருத்தன் முக்கோணத்தை நாலு கோட்டுக்குள்ள நசுக்கி வெச்சிருக்கான். போகட்டும், வந்துட்டானே."

ஆக, அந்தத் திடீர்க் கச்சேரியில் திடுக்கிட்டவர்கள் கச்சேரி செய்தவர்கள் மட்டுமே என்பதை மண்டப மேனேஜர்கள் சார்பில் பதிவு செய்கிறேன்.