கம்ப்யூட்டருக்குள் ஷிஃப்ட் பார்த்தவன்

கன்னட எல்லையோரம், கம்பெனிகள் சூழ்ந்த மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில், ஆயுத பூஜை அன்று சாயங்காலம் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்துப் படம் போடுவார்கள். அந்த வருடம் கேசட் கொண்டுவரும் பொறுப்பை என் மாமா தானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டார். மதுரைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தவர். எதைத் தொட்டாலும் சொதப்புவார் என்று லைன் முழுக்க ஏற்கெனவே முடிவுகட்டியிருந்தார்கள்.

அட்டையில் தமிழ்ப் படம். உள்ளே இருந்தது இங்கிலீஷ் படம். கடைக்காரரோ கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். திரையில் ஒருவன் தலைக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். மறு நிமிடம் கம்ப்யூட்டருக்குள் பச்சை வெளிச்சத்தாலான ஒரு நகரத்தில் நடந்துகொண்டிருந்தான். எங்களில் யாரும் கம்ப்யூட்டரையே கிட்டத்தில் பார்த்ததில்லை.

"இதுக்குத்தான் இவர நம்பக்கூடாதுங்கறது" என்று யாரோ சிரிக்க, மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. லைனிலேயே இங்கிலீஷ் மீடியம் படிக்கிறவள் நான் ஒருத்திதான். எனக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை என்பது வேறு விஷயம். பக்கத்து வீட்டு அத்தை, அவன் என்ன சொல்கிறான் என்று கன்னடத்தில் என்னைக் கேட்டதுதான் தாமதம், எழுந்து டிவி பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"அவரு ஆபரேட்டர். மிஷினுக்குள்ள ஷிஃப்ட் பாக்கறாரு. ரிலீவர் வந்தாத்தான் வெளிய வர முடியும். ரிலீவர் வரல."

அவ்வளவுதான், எல்லோருக்கும் படம் புரிந்துவிட்டது. அடுத்த ஷிஃப்டுக்காரன் வராவிட்டால் மிஷினை விட்டு நகர முடியாது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். என் அப்பாவே பல நாள் அப்படி மாட்டிக்கொண்டு, காலையில் வரவேண்டியவர் பொழுது சாய வருவார். கோட்டுப் போட்ட வில்லனைச் சூப்பர்வைசர் ஆக்கினேன். விசில் பறந்தது. "டேய், அவன வுடுடா! வூட்ல பொண்டாட்டி புள்ள காத்துக்கினு இருக்காங்க" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்கள்.

கடைசிக் கட்டத்தில் கரண்ட் போய்விட்டது. முடிவைச் சொன்னால்தான் ஆயிற்று என்றார்கள். ரிலீவர் ஓடி வந்ததாகவும், கவசத்தைக் கழற்றி அவன் தலையில் மாட்டிவிட்டு நம் ஆள் சைக்கிளில் வீட்டுக்குப் போனதாகவும் சொல்லி முடித்தேன். ஒரே கைதட்டல். மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, படத்தையே தான் எடுத்தவர் மாதிரி லைனைச் சுற்றிவந்தார்.

வளர்ந்த பிறகு அதே படத்தை முழுதாகப் பார்த்தேன். அதில் அவன் வெளியே வருவதே இல்லை. என் முடிவுதான் மேல்.

அன்று அப்பா மட்டும் கைதட்டவில்லை. வீட்டில் சாப்பிடும்போது கேட்டார். "நெசமாவே வெளிய வந்துட்டானா பாப்பா?"

"வந்துட்டாம்ப்பா. குளிச்சு, சாப்ட்டு, தூங்கிட்டான்."

"தூங்கட்டும்" என்று அப்பா முகமெல்லாம் சிரித்தார். யாரோ ஒரு சினிமாக்காரனுக்காக அவர் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.