கோமதி அக்காவின் தூக்கம்

குக்கரை இறக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். நம் காலை பஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்திருந்தது: “கோமதி அக்கா ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாங்க.” நீங்கள் எல்லோரும் கைகூப்பும் படங்களை அனுப்பியிருந்தீர்கள். நான் ஒன்றும் அனுப்பவில்லை. திட்டாதீர்கள், எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ‘தூக்கத்திலா? அப்படியென்றால் தூங்கிக்கொண்டுதான் இருந்தாரா?’ என்றுதான் தோன்றியது. மனசு லேசாகிவிட்டது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் போகும் நம் பஸ்ஸில் அக்காவை அறியாதவர் இல்லை. அவர் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட், நான் அச்சகத்தில் பிழை திருத்துபவள். ஜன்னல் வழியாகக் கைப்பையை வீசி இடம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், “பை உக்காருமா?” என்று சண்டைக்கு வந்தார். “பை உக்காராதுங்க. புள்ளத்தாச்சி உக்காருவா, அந்தா வர்றா பாருங்க” என்றார் அக்கா. மூச்சு வாங்க ஏறிவந்த அந்தப் பெண்ணை அக்காவுக்கு முன்பின் தெரியாது. வெள்ளைச் சட்டைக்காரர் தஞ்சாவூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் மற்ற நாட்களில் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஊசியைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. தோல்தான் அவரைப் படுத்தி எடுத்தது. உடம்பெல்லாம் வறண்டு, செதிலாக உதிர்ந்து, ஓயாத அரிப்பு. சொறிந்து சொறிந்து கையெல்லாம் ரத்தக் கீறல். “ஊசியத் தாங்கிடுவேன் தேவி. இந்த அரிப்பு ராவெல்லாம் கண்ண மூட விடல. பேசாம டயாலிசிஸ நிறுத்திடலாமான்னு பாக்குறேன்” என்றார் ஒருநாள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். எனக்குக் கோபம்தான் வந்தது. “சும்மா உளறாதீங்கக்கா!” என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் மருந்தை மாற்றினார், தோல் காயாமல் எதையாவது தடவச் சொன்னார். கடையில் வாங்கிய க்ரீம் புண்ணில் எரிந்தது. “நானே கிண்டித் தர்றேன்” என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டேன். முதலில் கற்றாழைச் சோற்றையும் தேங்காய் எண்ணெயையும் மிக்ஸியில் அடித்துக் கொடுத்தேன். அது தண்ணீர் வேறு எண்ணெய் வேறாகப் பிரிந்து நாறிவிட்டது. மூடியைத் திறந்த அக்கா, “ஏண்டி, இது எனக்கா, எருக்குழிக்கா?” என்றார்.

தேன்மெழுகு சேர்த்தால் இறுகும் என்றார்கள். அச்சகத்துக்குப் பக்கத்தில் வீணை செய்யும் பட்டறை இருக்கிறது. அங்கே கேட்டதும் கறுப்பாக ஒரு கட்டி கொடுத்தார்கள். உருக்கினால் அழுக்கு அடியில் தங்கிவிடும் என்று நினைத்தேன். வடிகட்டினேன், மறுபடி வடிகட்டினேன். ஊஹூம், தார் மாதிரியே இருந்தது. திரும்பப் போய்க் கேட்டபோதுதான் சொன்னார்கள்: அது வீணையில் மெட்டு எனும் பித்தளைக் கம்பிகளைப் பதிக்கக் கரி கலந்த மெழுகாம். தடவ வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, அக்கா கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டார். “அரிப்பு நிக்குதோ இல்லியோ, திருஷ்டி கழிஞ்சிடும்” என்று பஸ் முழுக்கக் காட்டினார்.

அடுத்ததாக நாட்டு மருந்துக் கடையில் சுத்தமான மஞ்சள் மெழுகு வாங்கினேன். ஒரு பங்கு மெழுகுக்கு ஐந்து பங்கு தேங்காய் எண்ணெய். கொதிநீரில் கிண்ணத்தை வைத்து உருக்கி, ஆறும்வரை கிண்டினேன். வாசனை, மஞ்சள்தூள், எதுவும் சேர்க்கவில்லை. அக்கா அதை டாக்டரிடம் காட்டினார். “குளிச்சு ஈரம் காயறதுக்குள்ள தடவிக்குங்க” என்றாராம்.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அக்கா பஸ்ஸுக்கு வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அக்காவோடு வீட்டில் இருந்த அவர் தங்கை சரோஜாவின் நம்பருக்கு அடித்தேன். “ராத்திரி படுத்தவ இன்னும் எந்திரிக்கல. நல்லா கொறட்ட விடுறா. எழுப்பவா?” என்றார். “ஐயோ, எழுப்பிடாதீங்க!” என்று நான் அலறியதற்கு நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அரிப்பு மருந்துக்குக் கேட்டதா, மெழுகுக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொன்னபோது அக்கா, “டாக்டருக்குத்தான் ஊரெல்லாம் பேரு இருக்கே. இந்தப் பேர நீ வச்சுக்க” என்றார். டயாலிசிஸை நிறுத்திவிடும் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

அக்காவை எடுப்பதற்கு முன் உறவுப் பெண்கள் வரிசையாக வந்து அவர் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். நான் உறவில்லையே என்று சுவரோரம் நின்றேன். சரோஜா கையைப் பிடித்து இழுத்தார். “நீங்க வைக்காம வேற யாரு வைக்கிறது?” வைத்துவிட்டு அக்காவின் கையை எடுத்துப் பார்த்தேன். பழைய தழும்புகள் வெளுத்திருந்தன. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. சொறிந்துவிடுவோம் என்று பயந்து ஒட்ட ஒட்ட வெட்டிக்கொள்கிறவர், நகம் வளர்த்திருந்தார். நகமெல்லாம் மருதாணி சிவந்திருந்தது. “போன வாரம் அவளே கேட்டு வச்சுக்கிட்டா” என்றார் சரோஜா.

“அப்பாடா” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சாவு வீட்டில் சொல்கிற வார்த்தையா அது? அழுதுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சரோஜா மட்டும், “ஆமா, அப்பாடாதான்” என்றார். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. அக்காவின் நினைவாக நான் மனசில் வைத்துக்கொண்டது, அந்தச் சிவந்த நகங்களைத்தான்.