நானூறு கார்களும் பதினோரு சர்வீஸும்

தராஸ் நகரத்தில் எசிர்கெப் யாரையும் நம்பியதில்லை என்று சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் தன்னையும் நம்பியதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நாலாவது முறை இழுப்பது, முதல் மூன்று முறை சரியாக இழுத்தோமா என்று பார்ப்பதற்காக. ரொட்டி சூடாக இருந்தால் நேற்றைய ரொட்டியைச் சூடு பண்ணிக் கொடுக்கிறார்கள் என்பார். ஆறியிருந்தால் நேற்றைய ரொட்டி என்றே சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஏற்ற உத்தியோகம் 2014-ல் வந்து சேர்ந்தது. ஹிபாரி என்ற ஜப்பான் கம்பெனி, குறைந்த விலைக் கார்களோடு நம் ஊருக்கு வந்தது. ஷோரூம் எடுத்த சாபித், பின்பக்க ஒர்க்‌ஷாப்புக்கு எசிர்கெப்பைத் தலைவராக்கினார். "சந்தேகப்படுறவன்தான் பானெட்டுக்குள்ள தலைய விடணும். நம்புறவன் டீ குடிக்கப் போயிடுவான்" என்றார்.

எசிர்கெப் முதல் நாளே ஒரு காரியம் செய்தார். விற்கும் ஒவ்வொரு காரின் பானெட் விளிம்பிலும் ஒரு வெள்ளைத் தாள் சீட்டை ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். முதல் சர்வீஸுக்கு முன்னால் எவனாவது திறந்தால் சீட்டு கிழியும், உத்தரவாதம் போய்விடும். ஊரில் இருக்கிற மெக்கானிக் எல்லாம் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு மோசமானதை மாட்டுகிறவர்கள் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. சந்தேகமே இல்லாத ஒரே விஷயம் அதுதான்.

ஹிபாரி அப்படி விற்றது. பெயர் ஜப்பான்காரனுடையது, விலை ஜப்பான்காரனுடையது இல்லை. நம் ஊருக்கு வேறென்ன வேண்டும்? சம்பந்தியைக் கௌரவிப்பதென்றால் தோளில் அங்கியைப் போர்த்திக் குதிரையில் ஏற்றிவிட வேண்டும். குதிரைக்குப் பதில் கார் வந்து நாளாகிவிட்டது. ஆனால் நல்ல கார் கொடுத்தால் கொடுக்கிறவன் தரைமட்டம், பழைய ஆடி கார் கொடுத்தால் மானம் தரைமட்டம். நடுவில் ஒரு பொருளுக்காக ஊரே காத்திருந்தது. இருக்கைகளில் பிளாஸ்டிக் உறையோடு, கண்ணாடியில் சிவப்பு ரிப்பனோடு, வெள்ளை வெளேரென்று ஹிபாரி வந்து நின்றது. பல் டாக்டர் வாங்கினார். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வாங்கினார். கம்பெனியின் பத்திரிகையில் தராஸ் நகரத்தின் படம் வந்தது. 'புல்வெளியின் மக்கள் எங்கள் இதயத்தைப் புரிந்துகொண்டார்கள்' என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள்.

நாலு வருடத்தில் நானூறு கார்கள். எசிர்கெப் நாலு லிஃப்டையும் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதல் சர்வீஸுக்கு வந்தவை பதினொன்று.

பதினொன்று! அதிலும் இரண்டு சாபித்துடையவை.

மற்ற முந்நூற்று எண்பத்தொன்பதும் எங்கே? எசிர்கெப்புக்குத் தூக்கம் போயிற்று. அவர் தூக்கத்தைப் பற்றித் தலைமையகத்துக்குக் கவலை இல்லை, ஆனால் எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வந்தது. 2018-ல் கடிதம் வந்தது. விற்பனையும் படுத்துவிட்டது, சர்வீஸும் இல்லை. அடுத்த வருடம் இந்நேரத்துக்குள் நூறு முதல் சர்வீஸ் காட்டாவிட்டால் ஒர்க்‌ஷாப் மூடப்படும்.

எசிர்கெப்புக்கு ஐம்பத்திரண்டு வயது. முழங்கால் இரண்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லும். இந்த லிஃப்டுகளை விட்டால் தனக்கு வேறு நிற்குமிடம் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் துப்பறியக் கிளம்பினார்.

முதல் குற்றவாளி ரெடியாகவே இருந்தான். சந்தைக்குப் பின்னால் ஷெட் போட்டிருக்கும் தத்தார் இனத்து ரவில். எசிர்கெப் நேராக உள்ளே போய், எண்ணெய்க் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"என் காரெல்லாம் எங்கடா வச்சிருக்க?"

"அத நான் கேக்கணும்ணே!" என்று ரவில் குழிக்குள்ளிருந்து சீறினான். "ஊரே ஹிபாரி வாங்குதுன்னு நம்பி ரெண்டு பெட்டி ஆயில் ஃபில்டர் வாங்கிப் போட்டேன். ஒத்தக் கார் வரல. நீங்கதான் முழுசா முழுங்குறீங்கன்னு நெனச்சேன்."

"முழுங்குற மூஞ்சியாடா இது?"

"மூஞ்சி காஞ்சுதான் கிடக்கு. ஆனா உங்கள யாரு நம்புவா?"

தன்னை ஒருவன் சந்தேகப்படுவது எசிர்கெப்புக்குப் புது அனுபவம். அவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. போகிற போக்கில் இரண்டு பெட்டிகளையும் திறந்து பார்த்தார். ஃபில்டர்கள் அப்படியே இருந்தன, மேலே தூசி ஒரு விரற்கடை. தூசியை வேண்டுமென்றே போட்டிருப்பானோ என்று வீடு வரும் வரை யோசித்தார்.

விஷயம் உடைந்தது ஒரு விருந்தில். எசிர்கெப்பின் மகள் மாக்பாலின் மாமனார் ஒராசாலிக்கு அறுபது வயது நிறைந்தது. குதிரைக்கறித் தட்டுகளுக்கு நடுவே மாட்டு டாக்டர் எழுந்து, ஒராசாலியின் தோளில் அங்கி போர்த்தி, "என் அண்ணனைக் குதிரையில் ஏற்றுகிறேன்!" என்று முழங்கினார். வெளியே ரிப்பனோடு ஒரு ஹிபாரி. பெண்கள் மிட்டாயை வாரி இறைத்தார்கள். எல்லோரும் மிட்டாய் பொறுக்கக் குனிந்தபோது எசிர்கெப் பானெட்டைப் பார்க்கக் குனிந்தார்.

சீட்டு கிழியாமல் இருந்தது. 9 செப்டம்பர் 2014. அவருடைய கையெழுத்து. அவர் ஒட்டிய முதல் சீட்டு அது, பல் டாக்டர் வாங்கிய முதல் கார். கதவைத் திறந்து ஓடிய தூரத்தைப் பார்த்தார். முப்பத்தொன்பது கிலோமீட்டர்.

அன்றிலிருந்து எசிர்கெப் ஒரு விருந்தையும் விடவில்லை. கல்யாணம், சுன்னத்து, பணி ஓய்வு எதுவானாலும், அழைத்த வீட்டுக்கும் போனார், அழைக்க மறந்த வீட்டுக்கும் போனார். பாக்கெட்டில் ஒரு நோட்டுப் புத்தகம். 'வயசான காலத்துல மனுஷனுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கு' என்று மனைவி பிபிகுல் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள்.

ஒரே வருடத்தில் அந்த முதல் கார் ஐந்து கை மாறிற்று. ஒராசாலி அதை நீதிமன்ற எழுத்தருக்குக் கொடுத்தார், எழுத்தர் தன் சம்பந்திக்கு, சம்பந்தி பள்ளித் தலைமையாசிரியருக்கு, தலைமையாசிரியர் மாட்டு டாக்டருக்கே. மாட்டு டாக்டர் பழைய ஞாபகம் இல்லாமல், ஒராசாலியின் மகனுக்குக் குழந்தை பிறந்தபோது மறுபடியும் ஒராசாலிக்கே கொடுத்தார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒவ்வொரு கைக்கும் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் ஓட்டம். கார் ஷெட்டிலிருந்து ஷெட்டுக்குப் போயிற்று, அவ்வளவுதான். பிளாஸ்டிக் உறையை யார் கிழிப்பார்கள்? கிழித்தால் அடுத்த விருந்துக்குப் புதுசு வாங்க வேண்டும். பேப்பரில் பெயர் எழுதும் இடத்தையும் எல்லோரும் ஜாக்கிரதையாகக் காலியாகவே வைத்திருந்தார்கள்.

ஊருக்கு வேண்டிய நானூறு பரிசும் வந்து சேர்ந்த நாளில் ஹிபாரியின் விற்பனை நின்றுவிட்டது. இது கம்பெனிக்குத் தெரியாது. எசிர்கெப்புக்குத் தெரிந்துவிட்டது.

"பிபிகுல், ஊர்ல ஒருத்தனும் வண்டிய ஓட்டல!" என்று வீட்டுக்கு வந்து கத்தினார். "ஷெட்டுல பூட்டி வச்சு ஏமாத்துறானுங்க! என் பொழப்புல மண்ணு!"

பிபிகுல் மாவைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "நம்ம ஷெட்டுல ஒண்ணு நிக்குதேங்க. மாக்பால் கல்யாணத்துக்கு ஒராசாலி சம்பந்தி குடுத்தது."

"அது வேற."

"எது வேற?"

"அது பையன் கல்யாணத்துக்கு வச்சிருக்கேன்."

பிபிகுல் மாவைத் தட்டும் சத்தம் கொஞ்சம் கூடிற்று.

2019 அக்டோபரில் தலைமையகம் விசாரணைக்கு ஆள் அனுப்பியது. மொரிகுபோ என்ற ஒல்லியான மனிதர், கூடவே அல்மாத்தியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மாள். சாபித்துக்கு வியர்த்தது. "எசிர்கெப், இந்தாளு நம்மள மூடிட்டுத்தான் போவாரு. ஏதாவது பண்ணு."

"என்ன பண்ண?"

"விருந்தாளிக்கு என்ன பண்ணுவோமோ அதத்தான். உன் ஷெட்டுல ஒண்ணு இருக்குல்ல?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் எசிர்கெப், உடனே உஷாராகி.

"ஊர்ல யார் ஷெட்டுல இல்ல?"

ஆக அன்றைய விருந்தில் மொரிகுபோவின் முன் ஆட்டுத்தலையை வைத்தார்கள். நீல வெல்வெட் அங்கியைப் போர்த்தினார்கள். அவர் கம்பெனியின் காரை அவருக்கே பரிசளித்தார்கள். மொரிகுபோ எழுந்து இடுப்பு வரை வளைந்து வணங்கினார். கண் கலங்கியதாகச் சாபித் சொன்னார். வெங்காயமாக இருக்கும் என்று எசிர்கெப் நினைத்தார்.

மறுநாள் காலை மொரிகுபோ, பரிசு வாங்கிய யாரும் இந்த ஊரில் செய்யாததைச் செய்தார். காரை ஓட்டப் பார்த்தார். பேட்டரி செத்திருந்தது. சாபித்தின் வண்டியில் கயிறு கட்டி, அங்கியோடு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, ஒர்க்‌ஷாப்புக்கு இழுபட்டு வந்து இறங்கினார்.

"முதல் சர்வீஸ் பண்ணணுமாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர் அம்மாள்.

எசிர்கெப் தன் சீட்டைத் தானே கிழித்தார். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் மேல் ஓர் எலிக் குடும்பம். தாய் எலி எசிர்கெப்பைத்தான் சந்தேகமாகப் பார்த்தது. மொரிகுபோ எலியைப் பார்க்கவில்லை. கிழிந்த சீட்டில் இருந்த 2015 என்ற வருடத்தைப் பார்த்தார். உள்ளே தலையை விட்டு ஓடிய தூரத்தைப் பார்த்தார். நாற்பத்து மூன்று.

"நாலு வருஷம், நாப்பத்து மூணு கிலோமீட்டர். ஏன்னு கேக்குறாரு" என்றார் அம்மாள்.

எசிர்கெப்பின் கை பாக்கெட்டுக்குப் போயிற்று. நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்தக் கார் எந்த ஷெட்டில், யார் கையிலிருந்து யார் கைக்கு என்று எல்லாம் தேதியோடு இருந்தது. முப்பது வருடமாக உலகத்தையே சந்தேகப்பட்டு ஒரு தடவைகூட எதையும் நிரூபிக்காத மனிதருக்கு முதல் தடவையாகக் கையில் ஆதாரம் கிடைத்திருந்தது. எடுத்து நீட்டினால், 'கார் நல்ல கார்தான், இவர்கள் ஓட்டவில்லை' என்று மொரிகுபோ எழுதுவார். ஒர்க்‌ஷாப் பிழைத்தாலும் பிழைக்கும். ஆனால் நோட்டு படிக்கப்பட்டால் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரியும். யார் யாருக்குப் பழசைக் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு சம்பந்தியும் விரல் விட்டு எண்ணுவான். நீதிமன்ற எழுத்தர் வீட்டுப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாக்பால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பாள்?

அவர் கையை வெளியே எடுத்தார். கையில் துடைக்கும் துணி இருந்தது.

"எங்க ஊர்ல வண்டிய ரொம்ப மதிப்பாங்கன்னு சொல்லுங்கம்மா."

மொரிகுபோ அதைக் குறித்துக்கொண்டார். புரிந்துதான் குறித்தாரா, புரியாமலா என்பது எசிர்கெப்பை இன்றுவரை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம். சர்வீஸ் முடிந்து பன்னிரண்டாவது ரசீது கிழித்ததும், அந்த மனிதர் தன் தோளிலிருந்த நீல அங்கியைக் கழற்றி எசிர்கெப்புக்குப் போர்த்தி, காரின் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, இடுப்பு வரை வளைந்து வணங்கினார். ஒரே விருந்தில் முழு வழக்கத்தையும் கற்றுக்கொண்டுவிட்டார்.

ஆறு மாதத்தில் ஹிபாரி நம் நாட்டை விட்டே போயிற்று. மற்ற ஊர்களிலும் அது ஓடவில்லையாம், காரணம் வேறாம். பத்திரிகையில் நாலு வரி வந்தது. சாபித் ஷோரூம் பலகையைக் கழற்றிவிட்டுச் சீனக் கம்பெனிப் பலகையை மாட்டினார். அவர்கள் கூடவே சொந்த மெக்கானிக்குகளைக் கூட்டிவந்திருந்தார்கள். எசிர்கெப் வீட்டில் உட்கார்ந்து கதவை இழுத்து இழுத்துப் பார்த்தார். சீட்டு கிழிந்த காரைப் பரிசாகக் கொடுக்க முடியாதென்பதால் வேறு வழியின்றி அதை ஓட்டினார். ரொட்டிக் கடைக்கும் அதில்தான் போனார். ஊர் பார்த்தது. கார் ஓடியது!

இரண்டு மாதம் கழித்து ஒராசாலி நடந்து வந்தார்.

"சம்பந்தி, வீட்டுல ஒரு ஹிபாரி நிக்குது. ஒருத்தனுக்குக் குடுக்கப் பார்த்தேன். 'மூடிட்டுப் போன கம்பெனி வண்டியா? செத்த குதிரைய எனக்கு எதுக்கு?'ன்னுட்டான். இப்பல்லாம் சீன வண்டிதான் கேக்குறானுங்க. சரி, நாமளே ஓட்டுவோம்னு பாத்தா கிளம்ப மாட்டேங்குது."

"எலி இருக்கும்" என்றார் எசிர்கெப்.

ஃபில்டர் ஒரே இடத்தில்தான் இருந்தது. எசிர்கெப் ரவிலின் ஷெட்டுக்குப் போனார். ரவில் பெட்டிகளைத் தூசி தட்டினான், இருவரும் அந்த ஷெட்டிலேயே கூட்டாகத் தொழில் தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் பல் டாக்டர் வந்தார், மாட்டு டாக்டர் வந்தார், எழுத்தர் வந்தார். சந்தை வரை வரிசை நின்றது. எந்தக் காரிலும் சீட்டு கிழியவில்லை. எல்லாரும் பாடியது ஒரே பாட்டுத்தான்: "புதுசுண்ணே. நானே ஷோரூம்ல வாங்கினேன். ஓட்ட நேரமில்ல." எசிர்கெப் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து, தலையை ஆட்டி, எழுதிக்கொண்டார். கம்பெனி கேட்ட நூறு சர்வீஸ் மூன்றே மாதத்தில் முடிந்தது. கேட்ட கம்பெனிதான் இல்லை.

வரிசையில் இத்தனை பேர் நிற்பதும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ரவிலின் ஃபில்டர் பெட்டியைத் தினமும் எண்ணினார். ரவிலும் அவர் எண்ணுவதை எண்ணினான். தொழில் நன்றாக நடந்தது.

ஒராசாலியின் வண்டி தயாரான அன்று எசிர்கெப் 9 செப்டம்பர் 2014 என்ற சீட்டை முழுசாக உரித்தெடுத்து நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்தார். இருக்கை உறைகளைக் கிழித்தார். பிறகு பழக்க தோஷத்தில் புதிதாக ஒரு தாளை வெட்டி, பசை தடவி, பானெட் விளிம்பில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்.

ஒராசாலி சிரித்தார். "கம்பெனியே போயிடுச்சே சம்பந்தி. இன்னும் எதுக்கு இது? இனிமே யாரச் சந்தேகப்படப் போறீங்க?"

"உங்களத்தான்" என்றார் எசிர்கெப், பசை காய்வதற்காக ஊதியபடி. "அடுத்த மாசம் உங்க தம்பி வீட்டுல விருந்து வருதுல்ல?"